திருஷ்டி பொம்மைக்கு எத்தனை அடி?

போன வாரம் என் அக்கா அலமேலு கட்டும் வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். அடையாற்றுக்குத் தெற்கே, ஏரோப்ளேன் இறங்கும் ஒரு சின்ன மைதானத்துக்குப் பக்கத்தில். மயிலாப்பூரில் வாடகைக்கு இருந்தவர்கள் ஏன் அவ்வளவு தூரம் போனார்கள் என்கிறீர்களா? மனை மலிவு. ஏன் மலிவு என்று மட்டும் அத்திம்பேர் கேட்கவில்லை...

காரணம் பிறகு நோட்டீஸ் ரூபத்தில் வந்தது. மைதானத்தைச் சுற்றியுள்ள எந்த மனையிலும் இருபத்தைந்து அடிக்கு மேல் எதுவும் எழும்பக் கூடாதாம். சுவர், மரம், கம்பம் — எதுவுமே! காசு கொடுத்து வாங்கினால் தரை மட்டும்தான் நம்முடையது, மேலே இருக்கிற ஆகாயம் வேறு ஆளுடையது. இது எனக்கு இத்தனை நாள் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

அத்திம்பேர் வக்கீல். சட்டத்தை மீற மாட்டார். மாடி ஆசையையும் விட மாட்டார். மாடியைக் குட்டையாக்கினார். மாடி அறையின் வாசல் நிலையும் குட்டையாயிற்று. அவரோ ஆறடி. நுழையும்போதெல்லாம் குனிந்தாக வேண்டும்.

"கல்யாணமான நாளா இப்பத்தான் ஆத்துக்குள்ள இவர் தலை குனியறார்!" என்று அக்காவுக்குப் பரம திருப்தி.

"உனக்கில்லேடீ, சட்டத்துக்கு!" என்றார் அத்திம்பேர்.

வெள்ளிக்கிழமை கிருகப்பிரவேசம். அதற்குள் மைதானத்து இன்ஸ்பெக்டர் அளந்து பார்த்து சர்டிபிகேட் கொடுத்தால்தான் குடிபோகலாம். நான் போன அன்றுதான் அவரும் வந்திருந்தார். சுவரை அளந்தார். சரி. கைப்பிடிச் சுவரையும் அளந்தார். சரி. பிறகு அண்ணாந்து பார்த்தார்.

மொட்டை மாடியில் நட்டிருந்த மூங்கிலின் உச்சியில், அத்திம்பேரின் பழைய கோட்டையும் காற்சட்டையையும் மாட்டிக்கொண்டு, மீசை வரைந்த மண்சட்டித் தலையோடு நின்றது — திருஷ்டி பொம்மை!

"இது உயரம் அதிகம் சார். இறக்கிடுங்க."

"பால் காய்ச்சறதுக்கு முன்னாடி பொம்மையை எடுக்கப்படாது ஸ்வாமி!"

"பொம்மையை எடுக்காம பால் காய்ச்சக் கூடாது சார்!"

எப்படி இருக்கிறது? மயிலாப்பூர் வீட்டுக்கு வேறு ஆள் வருகிறார். வெள்ளியை விட்டால் அடுத்த முகூர்த்தம் தை மாதத்தில். அதுவரை சாமான்களோடு எங்கே போவது? அக்கா கண் கலங்கிவிட்டாள். எனக்கும் பகீரென்றது. எங்கே போவார்கள்? என் வீட்டுக்குத்தானே!

மேஸ்திரி குறுக்கே வந்தார். "இன்னா சாமி, கீழே எறக்கி வாசலாண்ட கட்டிக்கினா போச்சு!"

"தெருவிலே போறவா கண்ணுக்கு அது சரி. மேலே ஏரோப்ளேன்ல போறவன் கண்ணுக்கு?" என்றார் அத்திம்பேர். வக்கீல் பாயிண்ட்!

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவரும் மாம்பலத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறாராம். நியாயம்தான் என்று தாடையைத் தடவினார்.

"வாசல்ல பூசணிக்காய் கட்டுங்க. பொம்மையை மொட்டை மாடியிலே மல்லாக்கப் படுக்க வைங்க. ஆகாசத்தையே பார்த்துக்கிட்டு கிடக்கட்டும்."

சர்டிபிகேட் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை பால் பொங்கியது. பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஏரோப்ளேன் ஒன்று வீட்டின்மேல் வட்டமடித்தது. மறுபடி வந்தது, இன்னும் தாழ்வாக. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையோடு இலையாகக் குனிந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு மோட்டார். ஏரோப்ளேன் ஓட்டும் துரை இறங்கினார். பின்னாலேயே ஒரு டாக்டர்!

"உங்கள் மொட்டை மாடியில் ஒரு மனிதர் கை காலைப் பரப்பிக்கொண்டு கிடக்கிறார். நேற்றும் அங்கேயேதான் கிடந்தார். நீங்கள் விருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று இங்கிலீஷில் சீறினார் துரை.

மேலே அழைத்துப்போய்க் காட்டினோம். பழக்க தோஷமோ என்னவோ, டாக்டர் குனிந்து பொம்மையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். வைக்கோல் கையோடு வந்தது. துரை விழுந்து விழுந்து சிரித்தார். மாடி அறைக்கு இறங்கி வந்து பாயசம் குடித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பியூட்டிஃபுல் ஹவுஸ்!" என்றார்.

அத்திம்பேருக்குத் தலைகால் புரியவில்லை. துரை வாயால் பாராட்டு! அவருக்கு இன்னொரு டம்ளர் பாயசம் கொண்டுவர நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினார். வாசல் நிலையில் குனிய மறந்து...

ணங்!

"பாத்தேளா? கண் பட்டுடுத்து!" என்று அலறினாள் அக்கா.

டாக்டர் வந்தது வீண் போகவில்லை. வீட்டின்மேல் விழுந்த கண், நல்ல வேளை, வீட்டுக்காரர் நெற்றியோடு போயிற்று!