கட்டில் எங்கே என்று கேட்காதவர்

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, நோயாளிக் கட்டில்களை வாடகைக்கு விடுகிறவர். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும், பக்கத்தில் கம்பி, காலில் சக்கரம், அந்த மாதிரிக் கட்டில். மொத்தம் நாற்பத்தொன்று. எது எந்த வீட்டில் கிடக்கிறது என்பது அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. வேன் ஓட்டுவதும் தூக்குவதும் நான். பதினான்கு வருடமாக முதுகுவலி எனக்கு, நல்ல பெயர் அவருக்கு.

கட்டிலுக்கு அடியில் மல்லாந்து திருகு முடுக்கிக்கொண்டிருப்பார், ஃபோன் அடிக்கும். படுத்தபடியே பேசி, முகவரியைக் கைக்கு எட்டிய அட்டைப்பெட்டியில் கிறுக்குவார். அதை நான் குப்பையில் போடுவேன். அப்புறம் இரண்டு பேரும் குப்பையைக் கிளறுவோம். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, அதுவும் நின்றுகொண்டே. "ஒரு ஆளை வெச்சுக்கோங்க" என்று அக்கா சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன வருடம் ஒரே கட்டிலை இரண்டு வீட்டுக்குச் சொல்லிவிட்டார். கட்டில் இல்லாத வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் ஒன்றரை மணி நேரம் நின்றது. உள்ளே ஒரு மனுஷன் வலியில் முனகிக்கொண்டு கிடந்தார். வீட்டார் திட்டியிருந்தால்கூட மாமா தாங்கியிருப்பார். அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாமா சாப்பிடவில்லை. மறுநாள் அக்கா யாரையும் கேட்காமல் கடைக் கண்ணாடியில் காகிதம் ஒட்டினாள்: 'அலுவலக உதவிக்கு ஆள் தேவை. காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை.'

வந்தவர் பதினோரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்தவர். சின்ன உருவம், பெரிய கைப்பை. ஒரு மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் எழுந்துவிடுவார். அரைநாள் மேடம் என்று நான்தான் பெயர் வைத்தேன்.

"என் தலைக்குள்ள இருக்கறதை எல்லாம் எப்படிம்மா எழுதுறது?" என்று மாமா முறைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்க சார். எழுதுறது என் வேலை."

இரண்டு நாள் மாமா சொல்லச் சொல்ல மேடம் நீள நோட்டில் எழுதினார். மூன்றாம் நாள், புதன்கிழமை, பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "பதினேழு கட்டில் ஆறு மாசத்துக்கு மேல வெளியில இருக்கு சார். இதுல எத்தனை பேர் இன்னும் படுத்திருக்காங்க?"

மாமாவின் முகம் சுருங்கியது. ஏன் என்று எனக்குத் தெரியும். அவராக எந்த வீட்டுக்கும் ஃபோன் செய்து கட்டிலைக் கேட்கமாட்டார். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டு, "கட்டில் இன்னும் வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். அன்று காலைதான் உயிர் போயிருக்கிறது. அதோடு சரி. "கட்டில் வேணுமான்னு கேக்கறது, ஆளு இருக்காரான்னு கேக்கற மாதிரிடா" என்பார். அவர்களாகக் கூப்பிட்டால் எடுத்து வருவோம், இல்லாவிட்டால் கிடக்கட்டும். வாடகை? அதைக் கேட்டால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், விட்டுவிடுங்கள்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. ஒரு பெண். கணவருக்கு முதுகெலும்பில் ஆபரேஷன், வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தலை உயர்ந்தால் மட்டும் போதாது, முழங்கால் பக்கமும் மடங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "கொடுத்துடலாம்மா, கவலைப்படாதீங்க" என்று மாமா பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார்.

"எந்தக் கட்டில் சார்?" என்றார் மேடம்.

முழங்கால் மடங்கும் கட்டில் எங்களிடம் மூன்றே மூன்று, மூன்றும் வெளியில். எனக்கு அந்த ஆம்புலன்ஸ் ஞாபகம் வந்தது. மாமாவுக்கும்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

மேடம் நோட்டைத் திறந்து ஃபோனை எடுத்தார். "வணக்கம், கட்டில் கடையிலேர்ந்து பேசறேன். சக்கரத்துக்கு எண்ணெய் போட ஆளு அனுப்பணும், எந்த நேரம் வசதிப்படும்?" அவ்வளவுதான். ஆள் இருந்தால் நேரம் சொல்வார்கள், இல்லாவிட்டால் அவர்களே விஷயத்தைச் சொல்வார்கள். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் பதினோரு வருடம் ஃபோன் செய்தவராயிற்றே. "சொன்னா போடணும்" என்று என்னையும் எண்ணெய் டப்பாவோடு துரத்திவிட்டார். இரண்டு நாளில் ஒன்பது வீடு ஏறி இறங்கினேன்.

மூன்று முழங்கால் கட்டிலில் இரண்டில் இன்னும் ஆட்கள் படுத்திருந்தார்கள். சாதாக் கட்டில் வைத்திருந்த ஒரு வீட்டில், மகன் பேசினார். மேடம் ஃபோனை மாமாவிடம் நீட்டினார்.

"அப்பா போய் நாலு மாசமாச்சு சார். நீங்க கூப்பிடுவீங்கன்னு தினம் பாத்துக்கிட்டிருந்தோம். எடுத்துக்குங்கன்னு நாங்களா சொல்ல மனசு வரலை. அம்மா அந்த ரூமுக்குள்ள போறதே இல்லை."

மரியாதை என்று மாமா நினைத்தது அந்த வீட்டில் நாலு மாதமாக ஒரு அறையைப் பூட்டி வைத்திருக்கிறது.

வியாழன் பன்னிரண்டரை மணிக்கு நோட்டில் ஒரு வரிதான் மிச்சம். மூன்றாவது முழங்கால் கட்டில், தச்சர் வீடு. கடையின் அலமாரிகளைச் செய்தவர், மாமாவுக்கு இருபது வயதிலிருந்து கூட்டாளி. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதத்தில் விழுந்தார். கட்டிலைப் போட்டுவிட்டு வந்த அன்று அவர் கண்கூடத் திறக்கவில்லை. அதற்கப்புறம் மாமா அந்தத் தெரு வழியாகவே வேனை விடச் சொல்லமாட்டார்.

"இதை நீங்கதான் சார் பேசணும்" என்று மேடம் நோட்டை அவர் பக்கம் திருப்பினார்.

மாமா நம்பரை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது.

"யாரு?" குழறலான குரல்.

"நான்... கடையிலேர்ந்து... சக்கரத்துக்கு எண்ணெய்..."

"எண்ணெயா? டேய், குரங்கு! எட்டு மாசமா எங்கடா போயிருந்த?" அந்தக் கத்தல் எனக்கே கேட்டது. "நான் போய்ச் சேந்துட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா? நான் கம்பு ஊணி நடந்துக்கிட்டிருக்கேன்டா! உன் கட்டில்ல என் பொண்டாட்டி துணி காயப்போடுறா. வந்து எடுத்துத் தொலை!"

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் மாமாவின் தோள் குலுங்கியது. ஃபோனை வைத்தபின் என்னைப் பார்த்து, "எட்டு மாசமா என் மனசுக்குள்ள அவன் தினம் செத்துக்கிட்டிருந்தான்டா" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மணி ஒன்று. மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தச்சர் வீட்டிலிருந்து கட்டிலை நான் மட்டும் போய் எடுத்துவந்தேன், அன்று சாயங்காலமே கழுவித் துடைத்தோம். வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது, கட்டில் தலைப்பக்கம் உயர்த்தி, முழங்கால் மடக்கி, விரிப்பு விரித்துத் தயாராக இருந்தது. அவள் கணவரைப் படுக்க வைத்து, அவர் முகத்தில் வலி குறைந்ததைப் பார்த்தபிறகுதான் மூச்சு விட்டாள். மாமாவும் அப்போதுதான் விட்டார்.

வேனில் ஏறியதும் ஃபோனை என் மடியில் போட்டார். "கடைக்கு வர்ற ஃபோனை அந்தம்மா பாத்துக்குவாங்க. என்னைத் தச்சர் வீட்டுல இறக்கி விடு."

"எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வரணும்?"

"கூப்பிடுறேன்" என்றார், ஃபோனை என்னிடமே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.