சத்தமில்லாத காரில் செந்தூருக்கு

ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் ஆமத்தூரிலிருந்து புறப்பட்டோம். போக வேண்டிய இடம் திருச்செந்தூர். சிவகாசி, வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, கோவில்பட்டி, எட்டயபுரம், தூத்துக்குடி என்று சுற்றிப் போனால் எங்கள் வீட்டிலிருந்து நூற்று அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். தினமும் எத்தனையோ பேர் போய்வருகிற பாதை, இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அன்று போனவர்களில் ஒருத்தி என் வீட்டுக்காரி சீனியம்மாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு வண்டி ஆகாது. டீசல் வாடை மூக்கில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும். எங்கள் மகன் மூன்று வயதில் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது, "பிள்ளையக் குடுத்துரு முருகா, ஒன் கடற்கரைக்கு நானே வந்து மொட்டை போட்டுக்கிடுதேன்" என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்து, வளர்ந்து, இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். நேர்த்திக்கடன் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பஸ்ஸில் போனோம்; சாத்தூரில் இறங்கித் திரும்பினோம். ரயிலிலும் அதே கதை. வேன் பிடித்துப் போன வருஷம் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டி வந்தேன். நடந்தே போகிறேன் என்று ஒரு தடவை கிளம்பினாள், மூட்டு விடவில்லை. உண்டியல் காசு என்றால், வருஷா வருஷம் செந்தூர் போகிற நானே அவளுக்குப் பதிலாகப் போட்டுவிட்டு வரலாம். தலைமுடியை நான் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? கார்த்திகைக்குக் கார்த்திகை விளக்கேற்றும்போது, "சாமிகிட்டப் பொய் சொன்னவ நான்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அவளுடைய தம்பி ஜெயபாண்டி சிவகாசியில் இருக்கிறான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறான். அவன்தான் புதிதாக கரண்டில் ஓடும் கார் வாங்கியிருந்தான். சாதாரணக் காரில்லை, பந்தயக் கார் மாதிரி வேகம் பிடிக்கிற ரகம். விலையை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "அத்தான், இதுல வாடையும் கெடையாது, நடுக்கமும் கெடையாது. அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

வாசலில் வந்து நின்றபோதுதான் பார்த்தோம். வந்த சத்தமே கேட்கவில்லை. கருநீல நிறம், மூக்குத் தாழ்ந்து, ஆற்றுக் கல்லைப் போல வழுவழுவென்று இருந்தது. நல்ல காரியத்துக்குப் போகிறோமே, எஞ்சினுக்கு விபூதி பூசலாம் என்று முன்பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். திறந்தான். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் தொட்டி.

"ஏலே, எஞ்சின எங்கல?"

"எஞ்சினே கெடையாது அத்தான். சக்கரத்துக்குப் பக்கத்துல மோட்டார் இருக்கு. நாம உக்காருத எடத்துக்குக் கீழ பேட்டரி இருக்கு. இந்தத் தொட்டி சாமான் வைக்கதுக்கு."

தேங்காய் பழப் பையை அதில் வைத்தான். நான் அந்தத் தொட்டிக்கே மூன்று விரலால் பட்டை போட்டேன். வெற்றிடத்திலும் முருகன்தானே இருக்கிறான்!

பின் சீட்டில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். சீனியம்மாள் மடியில் எலுமிச்சம்பழம், இடுப்பில் பிளாஸ்டிக் பை, வெறும் வயிறு. சிவகாசி வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. அச்சாபீஸ்கள் ஒவ்வொன்றாக ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. ஊரைத் தாண்டி வெம்பக்கோட்டை ரோட்டில் ஏறியதும் வளைவும் வேகத்தடையுமாக வந்தது. அதுவரை தம்பியிடம் வாயாடிக்கொண்டு வந்தவள் பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சு நின்றால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

"நிறுத்துல" என்றேன்.

கருவேல மரங்களுக்குப் பக்கத்தில் இறங்கிக் குனிந்தாள். வெறும் வயிறு, வர ஒன்றுமில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து சொன்னாள்: "திரும்பிருவோம் தம்பி. அவன் என்னைய வேண்டாம்ங்கான்."

அந்த வார்த்தை என்னை அறுத்தது. வாடையில்லாத, நடுக்கமில்லாத வண்டியிலும் இவளுக்கு ஆகவில்லை என்றால் இனி எந்த வண்டியில் கூட்டிப்போவது?

ஜெயபாண்டி தலையைச் சொறிந்தான். "அக்கா, தப்பு என்மேலதான். இந்த வண்டியில ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா அதுவே பிரேக் பிடிச்சுக்கிடும். அந்த வேகத்தைக் கரண்டா மாத்தித் திரும்ப பேட்டரிக்கு அனுப்பிரும். சார்ஜ் மிச்சமாகும்னு அதைக் கூட்டி வச்சிருந்தேன். அதான் முன்ன தள்ளி பின்ன இழுத்திருக்கு. என் வீட்டுக்காரியும் தலை சுத்துதுன்னுதான் சொன்னா. நான் கேக்கல."

"ஒன் மிச்சத்துக்கு என் கொடலப் பிடுங்குவியால?" என்றாள். கோபம் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முன்னால் இருந்த திரையில் எதையோ தொட்டு அந்தப் பிடியைக் குறைத்தான். அக்காவை முன் சீட்டில் உட்காரவைத்து, சீட்டைச் சாய்த்துக் கொடுத்தான். "பத்து நிமிஷம் பாருக்கா. ஆகலன்னா நானே திருப்புதேன்."

அவள் கண்ணை மூடி, உதட்டுக்குள் 'சரவணபவ' சொல்ல ஆரம்பித்தாள். நானும் பின்னாலிருந்து சொன்னேன். வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. எத்தனையோ வண்டியில் போயிருக்கிறேன். எஞ்சின் சத்தத்தையே பயணத்தின் சத்தம் என்று நினைத்திருந்தேன். அது இல்லாதபோதுதான் டயர் தாரில் உரசுவது கேட்டது, காற்று கேட்டது. திறந்த கண்ணாடி வழியே ஒரு மயில் அகவியது கேட்டது. நடை சாத்தியபின் கோயில் பிராகாரத்தில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு அமைதி. பத்து நிமிஷம் போனது. இன்னும் பத்து நிமிஷம் போனது. சீனியம்மாள் கண்ணைத் திறந்து, "இது எந்த ஊரு?" என்றாள்.

ஏழாயிரம்பண்ணை வந்துவிட்டது. தீபாவளி சீசன் நேரமல்லவா, சுற்றிலும் காய்ந்த காட்டுக்கு நடுவே கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. ஜெயபாண்டி தன் கம்பெனியில் சாவி ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. கேட்டில் வாட்ச்மேன் ஓடிவந்தார். கையில் கம்பி வலை போட்ட ஒரு மூடி. உள்ளே போகிற வண்டி எதுவானாலும் புகைக்குழாயில் அதை மாட்டினால்தான் விடுவார்கள். குழாயிலிருந்து ஒரு பொறி பறந்தாலும் அங்கே ஆபத்து. மனுஷர் வண்டிக்குப் பின்னால் குனிந்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் குனிந்தார்.

"மொதலாளி, கொழாய எங்கன வச்சிருக்கீக?"

"கொழாயே இல்லண்ணே. பொகையே வராது."

வாட்ச்மேன் கையிலிருந்த மூடியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "அப்ப இத நான் எதுல மாட்ட? மாட்டாம உள்ள விடப்படாதுன்னு நீங்கதான சொன்னீக. வண்டி வெளியவே நிக்கட்டும், நீங்க மட்டும் நடந்து போங்க" என்று கேட்டை ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தார். முதலாளி தன் கம்பெனிக்குள் நடந்து போனான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அதற்குள் வேனில் வந்த பெண்கள் காரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருத்தி கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, "யக்கா, எங்க போறீக?" என்றாள்.

"செந்தூருக்கு. மொட்டை போட."

"இம்புட்டுப் பெரிய பேட்டரி மேலயா உக்காந்திருக்கீக? வெடிச்சிராது?"

சீனியம்மாள் விடவில்லை. "நீ நாள் பூரா வெடிய மடியில வச்சுக்கிட்டு என்னையப் பாத்துக் கேக்கியா?"

அந்தச் சிரிப்பு காடெல்லாம் கேட்டது. கொஞ்ச நேரம் முன்பு ரோட்டோரத்தில் திரும்பிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தவள் இவள்தானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோவில்பட்டியில் ஆஸ்பத்திரியைக் கடக்கும்போது அவளே கையைக் காட்டினாள். "இங்கதான எனக்குக் குளுக்கோசு ஏத்துனீக?" ஆமாம் என்றேன். "தம்பி, கடலமிட்டாய் வாங்கிட்டு வா" என்றாள். வண்டியில் போகும்போது இவள் வாயில் ஒன்றைப் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு பாக்கெட்டில் பாதியைத் தின்றாள்.

எட்டயபுரம் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறினோம். முன்னும் பின்னும் வண்டி இல்லை, வெயில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏலே, வேகம் வேகம்னு ஊரெல்லாம் பீத்துனியே. மாட்டுவண்டி மாதிரி வார?" என்றாள் சீனியம்மாள்.

"ஒனக்காகத்தான் அமுக்காம வாரேன். காட்டட்டுமாக்கா?"

நான் வேண்டாம் என்பதற்குள் அவள் தலையை ஆட்டிவிட்டாள். பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஓரமாக நிறுத்தி, அமுக்கினான். 'முருகா' என்று நான் வாய் திறந்த இடம் ஒன்று, சொல்லி முடித்த இடம் வேறு. யாரோ பெரிய உள்ளங்கையை நெஞ்சில் வைத்து என்னை சீட்டோடு சீட்டாக அழுத்தினார்கள். நூறைத் தொட்டபோது நாலு விநாடிகூட ஆகவில்லை என்று பிறகு சொன்னான். அத்தனை பாய்ச்சலிலும் ஒரு உறுமல் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. உடனே மெதுவாக்கிவிட்டான். என் தோட்டத்துக் கிணற்றில் தினமும் மோட்டார் போடுகிறேன். கரண்ட் வந்ததும் குழாயில் தண்ணீர் குதிப்பதைப் பார்க்கிறேன். அதே கரண்ட்டுக்குள் இப்படி ஒரு பலத்தை ஆண்டவன் ஒளித்துவைத்திருப்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

சீனியம்மாளைப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் சீட்டுக்குக் கீழே உருண்டு கிடந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பதறிப்போய்த் தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வண்டி எல்லாருக்கும் தோதுப்படும் என்று சொல்லமாட்டேன். கீழ்ப்பாகம் தாழ்வு, எங்கள் பக்கத்து வேகத்தடைகளில் இரண்டு இடத்தில் உரசியது, ஜெயபாண்டி தன்னையே கிள்ளியது போல முகத்தைச் சுளித்தான். சிவகாசியிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் நாங்கள் போன ரோட்டில் சார்ஜ் போடும் இடம் என் கண்ணில் படவில்லை. வீட்டிலேயே இரவில் போட்டு நிரப்பிக்கொண்டு வந்ததால் கவலையில்லை. திருச்செந்தூர் போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அங்கே ஒரு லாட்ஜ் வாசலில் சார்ஜர் இருந்தது. குழாயில் தண்ணீர் பிடிப்பது போல வயரை மாட்டிவிட்டு நடந்தோம்.

தூத்துக்குடி தாண்டும்போது உப்பளங்களைப் பார்த்து "இதான் கடலா?" என்று கேட்டவள், கோயிலுக்கு முன்னால் நிஜக் கடலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினாள். முடி எடுக்கும் சீட்டை நான் வாங்கி வந்தேன். இடுப்பளவு முடி, பாதி நரைத்தது. கத்தி வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு மகன் பெயரைச் சொன்னாள். முடி தரையில் விழ விழ, அவள் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். கடலில் முங்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, அந்தச் சுப்பிரமணியன் முன்னால் போய் நின்றாள். நான் வேண்டிக்கொள்ள ஒன்றுமில்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னீர் இலையில் மடித்துக் கொடுத்த விபூதியை அவள் கையாலேயே வாங்கினாள். வருஷா வருஷம் நான் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்ததுதான் அது. "சூடா இருக்கு" என்றாள். ஆமத்தூர் வந்துசேர்வதற்குள் அது ஆறிப்போயிருக்கும் போல.

சாயங்காலம் லாட்ஜ் வாசலுக்குத் திரும்பி வந்தோம். ஜெயபாண்டி வயரைக் கழற்றிச் சார்ஜரிலேயே தொங்கவிட்டான்.

"தம்பி, இதுல இப்ப எம்புட்டு இருக்கு?" என்றாள்.

"தொண்ணூறு இருக்குக்கா. ஊருக்குப் போயிட்டு மறுபடி இங்க வரலாம்."

"கன்னியாகுமரி போகுமா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன். "மாட்ட யாரு பாப்பா? பால் கறக்கணும்லா?" என்றேன்.

"பக்கத்து வீட்டு மதினிக்கு அப்பவே போன் போட்டுட்டேன். நாளைக்குத்தான் வருவோம்னு சொல்லியாச்சு."

எப்போது பேசினாள் என்று தெரியவில்லை. வரிசையில் நின்றபோதா, நான் செருப்பை எடுக்கப் போனபோதா? கோவில்பட்டிக்குத் தெற்கே உலகம் இருக்கிறது என்று என் வாயால் கேட்டே வயதானவள். ஒவ்வொரு வருஷமும் நான் பஸ் ஏறப் போகும்போது தெருமுனை வரை வந்து நின்று, நான் மறையும் வரை பார்த்துவிட்டுத் திரும்புகிறவள். சந்தனம் காய்ந்த தலையோடு, முன்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏன் நிக்கீக? ஏறுங்க, நேரமாகுது."