அரத்தால் ராவிய வேப்பிலை

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்கு பஸ் இல்லை. சங்கராபுரம் சாலையில் விழுந்து கிடந்த ஒரு புளியமரத்தின் அடியில் கொடுவாள் ஒன்று கிடைத்ததாகவும், போலீஸ் எடுத்துப் போனதாகவும் காலையிலேயே சேதி வந்துவிட்டது.

"ஏங்க, அது நம்ம கொடுவாளா இருக்குமோ?" என்றேன்.

"இருக்கும். இந்தப் பக்கம் வேற யாரு அடிக்கிறா?" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் கரி வாங்கப் போனார்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கல்யாணமானதிலிருந்து பட்டறையில் துருத்தி ஊதுவதும், அடித்து முடித்த கொடுவாளின் கழுத்தில் வேப்பிலை முத்திரை குத்துவதும் என் வேலை. இலை இருந்தால் எங்கள் சரக்கு. முனை மழுங்கினால் எத்தனை வருஷம் கழித்தும் சும்மாவே தோய்த்துக் கூராக்கிக் கொடுப்போம். அந்த இலையை வைத்து அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால்?

அரத்தை எடுத்தேன். விற்க வைத்திருந்த பதினோரு கொடுவாளிலும் இலையை ராவித் தள்ளினேன்.

அவர் கரி மூட்டையோடு திரும்பிய கையோடு ஜீப் வந்து நின்றது. ஏட்டு சாக்கைப் பிரித்து அந்தக் கொடுவாளைக் காட்டினார். எங்கள் இலைதான். பிறகு சுவரோரம் பார்த்தார். கறுப்பு இரும்பில் பதினோரு கழுத்தும் பளபளத்தன.

"இன்னாய்யா இது? எல்லாத்தையும் ராவி வச்சிக்கினு கீற?"

என் வீட்டுக்காரரும் அப்போதுதான் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள், கரியாலூரிலிருந்து நடந்தே இறங்கி வந்த மலைக்காரர் ஒருவர் தான் சொல்லிவைத்த கொடுவாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இலைய காணோம்? இலை இல்லாதத எடுத்துக்கினு போனா நாளைக்கு யாராண்ட வந்து நிக்கிறது?"

"நான்தான் ராவினேன் சார். பயமாயிடுச்சி," என்றேன்.

"ராவாம வுட்டிருந்தா ரெண்டு வார்த்த கேட்டுட்டுப் போயிருப்பேன்," என்றார் ஏட்டு.

"அது எங்க கொடுவாள்தான் சார். சுத்துப்பட்டுல பாதி வூட்ல கீது," என்றார் என் வீட்டுக்காரர்.

"அத ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

ஜீப்பில் ஏறும்போது என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. "எல்லாத்துக்கும் இலைய போட்டு வை," என்றார்.

மலைக்காரர் ஒவ்வொன்றாகப் பட்டறைக் கல்லில் வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் குத்தினேன். முத்திரை ஒன்றுகூட நேராக விழவில்லை. தன்னுடையதை வாங்கிக்கொண்டு, "வந்துடுவாரும்மா," என்று சொல்லிவிட்டு அவர் மலைக்குக் கிளம்பினார். அதன்பிறகு சாலையில் எந்தச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடினேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் என் வீட்டுக்காரர் நடந்தே வந்தார். ஒரு கொடுவாளை எடுத்துப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார்.

"இன்னாடி, அத்தன இலையும் காத்துல ஆடுது?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது இன்னும் சாலையிலேயே இருந்தது.