லீவில் வந்த விமானி

எழுபதுகளின் நடுவில் விமானப்படைப் பயிற்சிப் பிரிவுக்கு நான் தேர்வானபோது, அப்பா மில்லில் நூற்புப் பகுதியில் இருந்தார். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து யாரும் அதுவரை விமானத்தில் ஏறியதுகூட இல்லை. ஷிப்ட் முடிந்து வரும் வழியெல்லாம் டீக்கடைகளில் நின்று சொல்லிவிட்டு வந்தார்.

உலகப்போர்க் காலத்தில் அவசரமாகத் தொடங்கிய பிரிவு அது. வெள்ளைக்காரன் போட்ட தகரக் கொட்டகைகளில்தான் எங்கள் விமானங்களும் நின்றன. தேறிப் போனவர்களின் படங்கள் சாப்பாட்டுக்கூடச் சுவர் முழுக்க இருந்தன. பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்குப் படம் கிடையாது.

மேலேறுவதில் எனக்குச் சிக்கல் இல்லை. இறங்கும்போது, தரை நெருங்கும் கடைசிக் கணத்தில் கை இறுகிவிடும். விமானம் துள்ளி விழும். கற்றுக்கொடுத்த அதிகாரி மதுரைக்காரர், கோபிக்கத் தெரியாதவர். ஒருநாள் என்ஜினை அணைத்த பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, மனசத் தேத்திக்க" என்றார்.

அந்த வாரமே என்னை அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தபோது, "லீவுல வந்துருக்கான்" என்றார்.

"எப்போ திரும்பப் போறான்?"

"கூப்புடுவாங்க."

தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா பேச்சை மாற்றவில்லை.

"எத்தினி நாளைக்குப்பா இதையே சொல்லுவ?"

"வேற என்னாத்த சொல்லச் சொல்ற?"

தெருவில் யாரும் நம்பவில்லை. ஆனாலும் அவர் சொல்லும்போது தலையாட்டினார்கள். அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எண்பதுகளில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். உடன் பயின்ற ஒருவன் பஸ் ஸ்டாண்டில் பார்த்துச் சொன்னான். விமானங்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டனவாம். படங்கள் என்ன ஆயின என்று அவனுக்கும் தெரியவில்லை. அவன் படமும் அவற்றில் ஒன்று.

அப்போது அப்பா, பஞ்சுத்தூசி அடைத்த நெஞ்சோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிரிவு மூடியதைச் சொல்லிவிடலாம், இனி யாரும் என்னைக் கூப்பிட முடியாது, அவரும் ஓயலாம் என்று நினைத்துக்கொண்டு பட்டறையிலிருந்து நேராகப் போனேன். என்னைப் பார்த்ததும் நர்ஸின் பக்கம் திரும்பினார்.

"எம் புள்ள. ப்ளேன் ஓட்டுறான்."

அந்தப் பெண் என் சட்டையிலிருந்த சாயக் கறையைப் பார்த்தாள். "அப்படியாய்யா" என்று அவருக்குப் போர்வையைச் சரிசெய்தாள். பிரிவு மூடிய செய்தியை எடுக்காமல், கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் அவர் போய்விட்டார். காரியம் முடிந்து பட்டறைக்குத் திரும்பினேன். யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை.