பட்டம்மாளின் கைப்பை

பதவி போன பிறகு தலைவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெரிய தலைவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. சட்டமன்றத்தில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தவருக்கே ஓய்வூதியம் உண்டு. ஊராட்சித் தலைவருக்கு? ஒரு சல்லிக் காசு கிடையாது. பெயருக்கு முன்னால் 'முன்னாள்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அதை வைத்துப் பிழைக்கத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார்.

நான் திருஞானசம்பந்தம். காஞ்சிபுரத்திலிருந்து தாமல் போகும் வழியில் ஓர் ஊராட்சியில் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர்ப் பெயர் வேண்டாம். இருக்கிற பொல்லாப்பே எனக்குப் போதும்.

பிழைக்கத் தெரிந்தவர் சீனிவாசன். இரண்டு முறை தலைவர். பதவி போன மறுமாதமே அவர் வீட்டு வாசலில் கூட்டம். பட்டா மாற்ற, கரண்ட் இணைப்பு வாங்க, போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை பேச, எல்லாவற்றுக்கும் அவர் போன் போட வேண்டும். ஒவ்வொரு போனுக்கும் ஒரு கவர். அப்புறம் மனை வியாபாரம். பெரிய காஞ்சிபுரத்தில் மாடி வீடு, கார்க் கண்ணாடியில் 'முன்னாள் தலைவர்' என்று சிவப்பு எழுத்து. குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்தக் கவர்களில் எனக்கும் பங்கு வந்திருக்கிறது.

2011இல் எங்கள் தலைவர் பதவி ஆதிதிராவிடப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. காலனித் தெருவிலிருந்து பட்டம்மாளைத் தேடிப்பிடித்து நிறுத்தியவரே சீனிவாசன்தான். நாற்று நடுகிற பெண், கணவர் தாவீது இறந்துவிட்டார், கையில் திரிஷா என்று ஒரு சின்னப் பெண் குழந்தை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்தார். மூன்று மாதம் போட்டார். நாலாம் மாதம் என்னிடம், "இன்னா எழுதியிருக்குதுன்னு முழுசாப் படிச்சுச் சொல்லு சார், அப்பால போடுறேன்" என்றார். தொலைந்தது! அன்றிலிருந்து ஒவ்வொரு காகிதத்தையும் நான் உரக்கப் படிக்க வேண்டியதாயிற்று.

2015 மழையில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் காலனித் தெருவுக்குள் இடுப்பளவு வந்தது. ஏரி வழியும் கலங்கலிலிருந்து போகும் கால்வாய் தூர்ந்து கிடந்ததுதான் காரணம். பட்டம்மாள் மூன்று நாள் அந்தத் தண்ணீரிலேயே நின்றார். மழை விட்டதும் ஒன்றிய அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, இயந்திரம் கொண்டுவந்து கால்வாயை வெட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. சாவிக்கொத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, "நாளைக்கு நடவு இருக்குது, வரேன் சார்" என்று போனார். நான் சிரித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

விளையாட்டு இல்லை. மறுநாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழனியில் இறங்கப் போனவரை, நடவு ஆட்களைச் சேர்க்கும் கலாவதி கையைப் பிடித்து வரப்பில் ஏற்றிவிட்டாளாம். "நம்ம தெருவுலேர்ந்து மொதல் மொதலா நாற்காலில உக்காந்தவ நீ. மேல்தெருக்காரன் பாக்குறப்ப நீ திரும்பவும் குனியக் கூடாதும்மா." எல்லாப் பெண்களும் அதையே சொன்னார்கள். நூறு நாள் வேலைக்குப் போனால் அங்கே இன்னும் மோசம். வேலமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, "தலைவரு உக்காருங்க" என்று விட்டார்கள். மற்றவர்கள் மண் சுமக்க இவர் நிழலில் இருந்தார். சாயங்காலம் வருகைப் பதிவில் இவர் பெயரும் இருந்தது. "செய்யாத வேலைக்கு இன்னாத்துக்குப்பா கூலி?" என்று தன் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவர், அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

பாசத்தால் ஒருவர் வயிற்றில் அடிக்க முடியுமா? முடியும். என் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. தலைவரம்மா தினமும் காலை ஆறு மணி பஸ்ஸில் காஞ்சிபுரம் போகிறார், இஸ்திரி போட்ட சேலை, தோளில் கறுப்புக் கைப்பை, பை நிறைய மனுக்கள், கலெக்டர் ஆபீஸில் பெரிய செல்வாக்கு என்று. காலனிப் பெண்களுக்கு அதில் அவ்வளவு பெருமை. நானும் நம்பினேன். கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன், மறைப்பானேன்.

எட்டு வருடம் இப்படியே ஓடியது. இந்த வருடம் தை பிறந்ததும் பெரிய காஞ்சிபுரத்தில் என் சித்தப்பா பேத்தி கல்யாணம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். குழாயடியில் கூட்டமாக இருந்ததால் மண்டபத்தின் பின்பக்கம் சுற்றிப் போனேன். அங்கே மலைபோலக் குவிந்திருந்த அண்டாக்களுக்கு நடுவில், சாயம் போன ஒரு பழைய புடவையில் குந்தியிருந்து, சாம்பார் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார் பட்டம்மாள். பக்கத்தில் ஆணியில் அந்தக் கறுப்புக் கைப்பை தொங்கியது.

என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"ஊர்ல சொல்லாத சார். எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. அதுங்க தாங்காதுங்க."

எட்டு வருடமாக இங்கே வேலை செய்கிறாராம். பையில் இருந்தது மாற்றுப் புடவை. மனுவும் இல்லை, மண்ணும் இல்லை. நான் சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

நாலு நாள்கூட அதைக் காப்பாற்றவில்லை. சீனிவாசன் கூப்பிட்டனுப்பினார். கலங்கலுக்குக் கீழே மனை போடுகிறார். கால்வாயை மூடி அதன்மேல் ரோடு. 2016 அக்டோபருக்கு முன்பே ஊராட்சி அனுமதி கொடுத்ததாக ஒரு காகிதம் இருந்தால் அரசு விதிப்படி மனைகளை வரன்முறைப்படுத்தி, சட்டப்படி விற்றுவிடலாம். அன்றைய தலைவர் பட்டம்மாள். அவர் பெயர் போட்ட பழைய முத்திரை என் பீரோவில் கிடப்பது சீனிவாசனுக்குத் தெரியும். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "ரெண்டு லட்சம் குடுக்கலாம் சம்மந்தம். உனக்கும் பாத்துச் செய்யறேன். அந்தம்மா ஒத்துக்குமா?" என்றார். "கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவுது, ஒத்துக்காமலா போகும்" என்றேன். ஆமாம், இந்த வாயால்தான் சொன்னேன்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு மண்டபத்துப் பின்பக்கம் போனேன். பழையபடி, "படி சார்" என்றார். படித்தேன்.

"தேதி இன்னா?"

"2016 ஜூன்."

"அப்ப நான் தலைவரு. இப்ப இல்லியே சார்."

"பழைய தேதிதானே தலைவரம்மா. யாருக்குத் தெரியப்போகிறது?"

"கால்வா மேலயா ரோடு?"

தொகையைச் சொன்னேன். பட்டம்மாள் கவிழ்த்துப் போட்ட அண்டாமேல் உட்கார்ந்துவிட்டார். திரிஷாவுக்கு நர்சிங் கடைசி வருடம். மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம். வெகுநேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சோடா உப்பில் ஊறி, நுனியெல்லாம் வெடித்த விரல்கள். பிறகு காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"ரெண்டு நாள் குடு சார்."

அதைச் சீனிவாசனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "போடலேன்னா அண்டா கழுவுற கதை ஊர் முழுக்கப் போகும்னு சொல்லி வையி." அதையும் பட்டம்மாளிடம் போனில் சொன்னேன். "அவருக்கு எப்பிடி சார் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 26, கிராம சபை. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் ஷாமியானா. முன்வரிசையில் சீனிவாசன், கடைசி வரிசையில் நான். காலனிப் பெண்கள் தரையில் ஜமக்காளத்தில். பட்டம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவர் காதுகள் வெறுமையாக இருந்தன. தாவீது கல்யாணத்துக்கு வாங்கிப் போட்ட கம்மல் அது, கழற்றியே பார்த்ததில்லை. திரிஷாவின் பணம் கட்டியாகிவிட்டது என்று எனக்கு அந்த நொடியே புரிந்தது. சீனிவாசனின் பணம் அவருக்கு இனி வேண்டாம்.

"முன்னாள் தலைவரம்மா ஏதாச்சும் மனு குடுக்குறீங்களா?" என்றார் இப்போதைய தலைவர்.

பட்டம்மாள் கைப்பையைத் திறந்தார். முதலில் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "கால்வாய மூடச் சொல்லி எட்டு வருசத்துக்கு முந்தின தேதில என்னாண்ட கையெழுத்துக் கேக்குறாங்க. ஒருத்தரு கொண்டாந்து குடுத்தாரு. நான் போடல. போடவும் மாட்டேன்." என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு பைக்குள் கையை விட்டு அந்தப் பழைய புடவையை எடுத்தார். இன்னும் ஈரம் காயவில்லை.

"இதான் என் மனு. நான் கலெக்டர் ஆபீசுக்குப் போல. கல்யாண மண்டபத்துல அண்டா கழுவிக்கினு இருக்கேன். இத ஊர்ல சொல்லிடுவேன்னு மெரட்டுனாங்க. அதான் நானே சொல்லிட்டேன்."

சீனிவாசன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, வராத அழைப்புக்குப் பதில் சொன்னபடி எழுந்து போனார். எட்டு வருடப் பெருமை ஒரு நிமிடத்தில் போனால் மனிதர்கள் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள் அந்தப் பெண்கள். கலாவதி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு முதல் ஆளாக எழுந்து போய்விட்டாள். பட்டம்மாள் அவள் போவதையே பார்த்தார். சீனிவாசன் மிரட்டியபோது வராத பயம் அப்போது அவர் முகத்தில் வந்தது.

பீரோவிலிருந்த முத்திரையை எடுத்துக்கொண்டு சாயங்காலம் பட்டம்மாள் வீட்டுக்குப் போனேன், மன்னிப்புக் கேட்க. வாசலில் நின்றபடியே முத்திரையை நீட்டினேன். அவர் அதை வாங்கி, அடுப்பில் போட்டார். ரப்பர் நாற்றம் வீடெல்லாம் பரவியது. "போ சார்" என்றார், அவ்வளவுதான்.

நான் திரும்பும்போது எதிரில் கலாவதி வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. என்னைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

"எட்டு வருசமாடி? எவன் வூட்டு எச்சி அண்டாவோ கழுவுனியே, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீதானடி குனியக் கூடாதுன்ன."

கலாவதி மூக்கைச் சிந்தினாள்.

"நாளைக்கு ஏரிக்கீழ்க் கழனில நடவு. ஒரு ஆளு கொறையுது. காலைல ஏழு மணிக்கு வந்துரு, பட்டு. குனியறதுன்னா எங்க பக்கத்துல வந்து குனி."