வரப்பில் வைத்த இரண்டு சட்டிகள்

அந்தக் காலையை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

ஊருக்கு ஊர் கூலிப் போராட்டமும் செங்கொடியுமாக இருந்த காலம். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா படுக்கையில் விழுந்துவிட்டதால் அந்த வருடச் சம்பா அறுவடை என் பொறுப்பு. அறுத்த வயலின் நெல்லையே களத்தில் மரக்காலால் அளந்து கூலியாகக் கொடுப்பது வழக்கம். நானோ நெல் முழுவதையும் வியாபாரிக்குப் பேசிவிட்டு, எங்கிருந்தோ வந்த மூட்டை அரிசியைக் கூலியாகக் கொடுத்தேன்.

மறுநாள் ஒருவரும் வயலில் இறங்கவில்லை. கதிர் முற்றி உதிர்ந்துகொண்டிருந்தது.

“அரிசின்னா அரிசிதானே? எதுக்கு வம்பு பண்றீங்க?” என்று கத்தினேன்.

அறுப்புப் பெண்களில் மூத்தவரான அஞ்சலை, இரண்டு சட்டிகளை வரப்பில் வைத்தார். முதலாவதில் நான் கொடுத்த அரிசியின் பழைய சோறு.

“குடிச்சுப் பாருங்க தம்பி.”

அவர்கள் வீட்டுச் சட்டியில் எங்கள் வீட்டார் யாரும் வாய் வைத்ததில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். குடித்தேன். ஊசிய வாடை, தொண்டையில் இறங்கவில்லை.

“இது போன வருசம் இதே வயல்ல வெளஞ்சது. கடைசிப் பிடி. இதக் குடிச்சாதான் உச்சிப்பொழுது வரைக்கும் குனிஞ்சு அறுக்க முடியும்” என்று இரண்டாவதை நீட்டினார்.

லேசான புளிப்பு. வயிறு குளிர்ந்தது.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்க” என்றேன்.

“மொதல்ல மரக்கால எடுத்துட்டு வாங்க.”

அன்று மாலை களத்தில் நெல்லைத்தான் அளந்தேன்.

எங்கள் வயலின் ருசியை அந்தச் சட்டியில்தான் அறிந்தேன். விளைவித்தவர்களுக்கே அது கிடையாது என்று சொல்லப் போனவன் நான்.