இடுப்பில் கட்டிய எலிச் செல்கள்

என் மனைவி என்னிடம் முதன்முதலில் சொன்னது, “கையை நீட்டுங்க” என்பதுதான். அப்போது அவள் என் மனைவி இல்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கேன்டீன் கான்ட்ராக்டரின் பரிசோதனைக் கூடத்திலிருந்து மாதம் ஒருமுறை ஆள் வந்து, சமையல் ஆட்களின் உள்ளங்கையைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துப் போவார்கள். அந்த மாதம் இவள் வந்தாள். மைக்ரோபயாலஜியில் பி.எஸ்சி. முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவள். நீலத் தலையுறைக்குள் முடியெல்லாம் போய், முகம் மட்டும் தெரிந்தது.

மறுவாரம் மூடி போட்ட ஒரு சின்ன வட்டத் தட்டைக் கொண்டுவந்து காட்டினாள். உள்ளே கூழ் மாதிரி உறைந்திருந்த ஒன்றின்மேல் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள்.

“இதுதான் உங்க கை.”

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கிருமி என்றால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் சாவு மாலை என்றுதான் என் கணக்கு ஓடும்.

“எத்தினி நாளு தாங்குவேன் மேடம்?” என்று கேட்டேன்.

அவள் சிரித்த சிரிப்பில் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “ஐயோ, எல்லார் கையிலயும் கீதுங்க. என் கையிலயும் கீது. சோப்பு போட்டு கழுவுங்க, அது போதும்.” அதுவரை புத்தகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்ததும் ‘கீது’ வந்துவிட்டது. நம்ம பக்கத்துப் பெண்தான், வடக்குப்பட்டோ பிள்ளைப்பாக்கமோ என்று அப்போதே நினைத்தேன். வடக்குப்பட்டுதான்.

அந்த மாதம் முழுக்கக் கை கழுவிக் கழுவித் தோல் உரிந்துபோனது. அடுத்த முறை வந்தபோது என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தோலுதான் ஒடம்புக்கு வாசல்ல நிக்கிற வாட்ச்மேன். அவனையே வெரட்டி வுட்டுட்டீங்களே” என்றாள். நோய் எதிர்ப்பு பற்றி நான் படித்த முதல் பாடம் அது.

எங்கள் கல்யாணத்துக்கு அவள் வீட்டைவிட நான்தான் பெரிய தடையாக இருந்தேன். படித்த பெண், நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள், அவளுக்கே சலித்துவிட்டால் என்ன செய்வது என்று புலம்பிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் சொன்னாள்: “நீ எல்லாத்துக்கும் பயப்படற. அதனாலதான் சொன்னதை ஒழுங்கா செய்யற. எனக்கு அப்டி ஒரு ஆளுதான் வோணும்.”

கல்யாணத்துக்குப் பிறகு எம்.எஸ்சி. படிக்கப் போனாள். கல்லூரிக்குப் போகும் ரோடு அப்போது பாதி வெட்டிப் போட்டுக் கிடந்தது. புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் லாரிகள், கன்டெய்னர்கள், ஷிப்டு விடும் கம்பெனி பஸ்கள் எல்லாம் அந்தப் புழுதிக்குள்தான் ஓடும். போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். போன் ஒரு தடவை அடித்து நிற்கும்வரை என் கத்தி வெங்காயத்தில் சரியாக இறங்காது.

படிப்பு முடிந்து, நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். நிரந்தர வேலை இல்லை. ஒரு ஆராய்ச்சித் திட்டம் முடியும்வரை வைத்துக்கொள்வார்கள். அங்கே என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரியும்படி ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். நம் உடம்புக்குள் ரோந்து போகும் ஒரு வகைச் செல் இருக்கிறதாம். உள்ளே புகுந்த கிருமியை அப்படியே விழுங்கிவிடுமாம். ஆனால் காசநோய்க் கிருமியை மட்டும் விழுங்கினாலும் அதனால் செரிக்க முடியாதாம். அது அந்தச் செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்துமாம். ஏன் செரிக்கவில்லை என்பதுதான் அவர்கள் ஆராய்ச்சி.

“என்னை மாரிதான்” என்றேன். “நானும் எதையாவது முழுங்கிட்டு உள்ளயே வெச்சிக்கினு சுத்தறேன்.”

“ஆமா, ஒன்னை வெச்சே தீசிஸ் எழுதிடலாம்” என்றாள்.

தீசிஸ் என்றால் பிஎச்.டி. அதுதான் அவள் ஆசை. ஆய்வுக்கூடத்தை நடத்திய மேடம் அந்த வருஷம் ஒரே ஒருவரைத்தான் பிஎச்.டி.க்கு எடுப்பதாக இருந்தார். இவளைக் கூப்பிட்டு எலியின் செல்களில் ஒரு சின்ன மாற்றம் செய்து வளர்க்கச் சொன்னார். அது வளர்ந்து நின்றால் அதை வைத்தே இவளைப் பதிவு செய்வார். இல்லையென்றால் திட்டம் முடிந்ததும் இவள் மறுபடியும் கேன்டீன் கேன்டீனாகக் கை தேய்க்கப் போக வேண்டியதுதான். மாதக்கணக்கில் அந்தச் செல்களோடு மல்லுக்கட்டினாள். போட்டதில் பெரும்பாலும் செத்துப்போக, மீந்தது நாலு சின்னக் குப்பிகள்தான். கொஞ்சம் எடுத்து உறைய வைத்துப் பத்திரப்படுத்தும் அளவுக்கு அவை இன்னும் பெருகவில்லை. பூஜை லீவு முடிந்ததும் உறைய வைத்துவிடலாம் என்று மேடம் சொல்லியிருந்தார்.

அந்தச் செல்களுக்கு லீவு கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பாடு மாற்ற வேண்டும். அதனால் ஆயுத பூஜை அன்று காலையில் பைக்கில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் கம்பெனி கேட்டுகளில் வாழைக்கன்று, உடைத்த பூசணிக்காய். லாரிகள்கூடச் சந்தனப் பொட்டோடு ஓரங்கட்டி நின்றன.

ஆய்வுக்கூட வாசலிலும் ஒரு பூசணிக்காய் உடைந்து கிடந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த அட்டெண்டர் அண்ணன் வந்து கதவைத் திறந்துவிட்டார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், இவளிடம் ரொம்பப் பிரியம். உள்ளே மைக்ரோஸ்கோப்புக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, சுழலும் மெஷினுக்குப் பொட்டும் பூவும். செல்களைச் சூடு குறையாமல் வைத்திருக்கும் பெட்டிக்குத்தான் இருப்பதிலேயே பெரிய மாலை. ஆனால் அதன் முகப்பில் எப்போதும் எரியும் சிவப்பு எழுத்து எரியவில்லை.

இவள் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டாள். உள்ளே சூடே இல்லை.

“அண்ணே, யாருண்ணே இதை அணைச்சது?”

“அத நான் தொடவே இல்ல பாப்பா. நீதான் ‘அணைக்காதீர்’னு சீட்டு ஒட்டிருந்தியே.”

“அப்ப ஏண்ணே ஓடல?”

“மெயினத்தானே அணைச்சேன்” என்றார் அவர். “நேத்து சாயங்காலம் பூசை முடிஞ்சு எல்லாரும் போனப்பறம். ஐஸ் பெட்டி மட்டும் தனி லைனு, அது ஓடுது. வருசம் பூரா ஓடுற மெசினு, அதுக்கும் ஒருநா ஓய்வு வேணாமா?”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் கேன்டீனிலும் அப்படித்தான். பொட்டு வைத்த கிரைண்டரை மறுநாள் விஜயதசமிக்குத்தான் ஓட்டுவோம். இடையில் ஸ்விட்சில் கை வைத்தால் மாஸ்டர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

விஷயம் புரிந்ததும் அட்டெண்டர் அண்ணனின் முகம் சுருங்கிப்போனது. அவர் அணைத்த மெயின் பெட்டியைப் பூட்டி, சாவியை எலெக்ட்ரீஷியன் கையோடு கொண்டுபோய்விட்டார். எலெக்ட்ரீஷியன் செய்யாறில். ஐஸ் பெட்டி லைனில் வேறு மெஷினைச் செருக இடமில்லை. போன் போட்டார், மறுநாள் காலையில்தான் வர முடியும் என்று பதில். தெரிந்த ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் இவள் போன் போட்டாள். எல்லா இடத்திலும் பூஜை, எல்லா இடத்திலும் பூட்டு. கடைசியாக, சொந்த ஊருக்குப் போயிருந்த மேடத்தைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இவள் “சரி மேடம், சரி மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள் என்று சொல்வதுதான் சரி.

“நம்ம ஒடம்பு சூடுதான் அதுக்கும் வோணும்” என்றாள். “ரெண்டு நான் கட்டிக்கறேன். ரெண்டு நீ கட்டிக்கோ.”

“இதுல அந்த டி.பி. கிருமி கீதா?”

“இல்லவே இல்ல. வெறும் எலிச் செல்லு. ஒன்னை ஒண்ணும் பண்ணாது.”

“நான் அதை எதுனா பண்ணிட்டா?”

“அதான்யா கவலை” என்றாள்.

குப்பிகளில் கழுத்துவரை இளஞ்சிவப்புத் திரவத்தை நிரப்பி, மூடியை இறுக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு கவருக்குள் போட்டாள். இரண்டைத் தன் துப்பட்டாவால் சுற்றி என் வயிற்றோடு கட்டினாள். சில்லென்று இருந்தது. “அடியில லேசா ஒட்டிக்கினு கீது. ரொம்ப ஆட்டினா கழண்டு வந்துடும். நாலுல ஒண்ணு பொழைச்சாக்கூட போதும், மறுபடி பெருக்கிக்கலாம்” என்றாள். திரும்பி வரும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் பைக்கை நிறுத்தி, தள்ளிக்கொண்டு ஏற்றினேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன், “இன்னாண்ணா, பிரசவத்துக்கா போறீங்க?” என்று கத்திவிட்டுப் போனான்.

பூஜைக்கு வடக்குப்பட்டில் அத்தை வீட்டில்தான் சாப்பாடு. போனதும் சுவரோடு ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். அத்தை சுண்டல் தட்டோடு வந்து என்னைச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னா மாப்ள, ஐப்பசி புழுக்கத்துல வயித்துல துணியைக் கட்டிக்கினு கீறீங்க? வயித்து வலியா?”

இவள் அடுப்படியிலிருந்தே விஷயத்தைச் சொன்னாள். அத்தை சுண்டல் தட்டைக் கீழே வைத்தார்.

“எலியா?”

“எலி இல்லம்மா, எலியோட செல்லு.”

“வூட்ல எலித் தொல்லைன்னு நான் பொறி வாங்கி வெச்சிக்கினு கீறேன். நீ வயித்துல கட்டிக்கினு வந்து கீற.” என்னிடம் திரும்பினார். “நீங்களாவது சொல்லக் கூடாதா மாப்ள?”

“அத்தை, சத்தமா பேசாதீங்க, அதுக்கு அதிரும்” என்றேன். அப்போது உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் சந்தனக் கிண்ணத்தோடு திரும்பி வந்தார். “அவ தொழில் சாமான்தானே அது? சாமி முன்னாடி வெக்க முடியாது. பொட்டாவது வெக்கறேன்” என்றார். குப்பியைத் தொட விடமாட்டேன் என்று துப்பட்டாவின்மேல் கையை வைத்துக்கொண்டேன். துப்பட்டாவின் மேலேயே ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

மதியத்துக்குமேல் எனக்குக் காய்ச்சல் அடிப்பது மாதிரி இருந்தது. எனக்குக் கவலை வந்தாலே காய்ச்சல் அடிப்பது மாதிரிதான் இருக்கும். ஆனால் அன்று எனக்குக் காய்ச்சல் என்றால் அவற்றுக்கும் காய்ச்சல் அல்லவா? இவளைக் கூப்பிட்டேன். தெர்மாமீட்டரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “நார்மல்” என்றாள். கொஞ்சநேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். “நார்மல்.” மூன்றாவது முறை தெர்மாமீட்டரை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பாவம், அவளுக்கும் வேலை. வடைக்கு ஆட்டுவதும், வருகிறவர்களுக்குப் பொரி கொடுப்பதும், குனிவதும் நிமிர்வதுமாக இருந்தாள். சும்மா உட்கார்ந்தால் அழுதுவிடுவாள் என்பது எனக்குத் தெரியும்.

சாப்பாட்டைக்கூட நாற்காலியில் இருந்தபடியே சாப்பிட்டேன். படுத்தால் புரண்டுவிடுவேனோ என்று பயந்து, உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

விஜயதசமி காலையில் நாங்கள் போவதற்கு முன்பே எலெக்ட்ரீஷியன் வந்து மெயினைப் போட்டிருந்தார். சிவப்பு எழுத்து எரிந்துகொண்டிருந்தது. அட்டெண்டர் அண்ணன் குளித்து, விபூதி பூசி, பெட்டிக்குப் பக்கத்தில் காவல் மாதிரி நின்றார். இவள் முதலில் தன் இடுப்பிலிருந்த இரண்டு குப்பிகளை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தாள். ஒன்று. பிறகு மற்றொன்று. பார்த்த இரண்டையும் தள்ளி வைத்தாள்.

“இன்னா ஆச்சு?”

“கழண்டுடுச்சு. மெதக்குது. எல்லாம் போச்சு.” “நான்தான் நேத்து பூரா ஆடிக்கினே கெடந்தேனே.”

என்னுடையதை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. அவளே அவிழ்த்தாள். முதல் குப்பியில் பாதிக்குமேல் மிதந்தன. இரண்டாவதை வைத்துக் குனிந்தவள் நிமிரவே இல்லை. கை மட்டும் திருகியைத் திருகிக்கொண்டிருந்தது. அட்டெண்டர் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“இங்க வந்து பாரு” என்றாள்.

அதுவரை நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில்லை. முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. அவள் என் தலையைப் பிடித்து நேராக்கினாள். உருண்டையும் நீளமுமாக, மழை நீரில் மினுங்கும் கூழாங்கற்கள் மாதிரி, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிறைய.

“உயிரோட கீதா?”

“கீது” என்றாள். சிரிப்பு வந்துவிட்டது என்று அந்த வார்த்தையிலேயே தெரிந்தது. “நல்லா ஒட்டிக்கினு கீது. நீ அசையவே இல்லையாய்யா?”

“பயமா இருந்துச்சு” என்றேன்.

அந்த ஒரு குப்பியிலிருந்துதான் மறுபடி பெருக்கினாள். லீவு முடிந்து வந்த மேடம் நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, இப்படியெல்லாம் இனிமேல் செய்யவே கூடாது என்று கண்டித்தாராம். பிறகு, இவ்வளவு அசையாமல் உட்காரும் உங்கள் வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார் என்று விசாரித்தாராம். அந்த வருஷக் கடைசியில் பிஎச்.டி.க்கு இவள் பெயரைத்தான் பதிவு செய்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் இவளைக் கூப்பிடப் போயிருந்தேன். இந்தத் தடவை மெயினை அணைக்காமலே பெட்டியைப் பூட்டி, சாவியை அட்டெண்டர் அண்ணன் இவளிடம் கொடுத்துவிட்டிருந்தார். ஓடிக்கொண்டிருந்த மெஷின்களுக்கு ஓட ஓடவே பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர், கடைசியாக என்னிடம் வந்தார்.

“சட்டையத் தூக்குங்க தம்பி.”

“எதுக்குண்ணே?”

“இங்கன இருக்குற மெசினு எல்லாத்துக்கும் வைக்கணும்ல” என்று என் வயிற்றில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். அங்கே படிக்கும் பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், “பொட்டு வெச்சாச்சு. நாளன்னைக்குக் காலையில வரைக்கும் என்னை ஓட்டக் கூடாது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

“பாத்திரம் தேய்க்கிற மெஷினு மட்டும் தனி லைனு, அது ஓடணும்” என்று சொல்லிவிட்டு, நான் எழுந்திருப்பதற்குள் அவளே தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.